பாலம் இறங்கினால் நிற்கும் வண்டி

தம்பிகளா, பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் எதைக் கற்றுக்கொள்ள அவசரப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும். பிரேக் ஷூ மாற்றிக் காட்டினால் கொட்டாவி விடுவீர்கள். ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு கோன் ஃபில்டர் மாட்டப் போகிறோம் என்றால் ஆளுக்கொரு ஸ்பேனரோடு ஓடி வருவீர்கள். நானும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன், அதனால் திட்ட மாட்டேன். கொஞ்சம்தான் திட்டுவேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. சீட்டுக்குக் கீழே, பக்கவாட்டு மூடிக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதுதான் ஏர் பாக்ஸ். எஞ்சினுக்கு வேண்டிய காற்று அந்தப் பெட்டிக்குள் நுழைந்து, அங்கே இருக்கிற ஃபில்டரில் தூசியை விட்டுவிட்டு, பெட்ரோலோடு கலக்கக் கார்ப்பரேட்டருக்குப் போகும். அந்தப் பெட்டியையே தூக்கிவிட்டு, கார்ப்பரேட்டர் வாயில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரை நேராகப் பொருத்திவிடுவதுதான் இந்த வேலை. காற்று தாராளமாக வரும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி ஒரு உறுமல் உறுமும். வெளியே தெரிகிற மாதிரி பக்கவாட்டு மூடியையும் கழற்றிவிட்டால், சிவப்பாகப் பளபளவென்று ஜோராக இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் இந்த ஆசை வீட்டுக்கு வீடு புகுந்தது. பெண் பார்க்கப் போகிற பையன்கூட முதலில் ஃபில்டரைத் துடைத்துவிட்டுத்தான் தலை வாரினான்.

நல்ல ரோட்டில், பெட்ரோலை அளந்துவிடும் கார்ப்பரேட்டர் ஜெட்டை முறையாக மாற்றி, ஆள் மட்டும் ஏறிப் போகிற வண்டிக்கு அதை மாட்டலாம். நானே நிறைய மாட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு பாகத்தைக் கழற்றும் முன்னால் அது இத்தனை நாள் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கம்பெனிக்காரன் எழுதி வைத்த வேலையை மட்டும் சொல்லவில்லை. யாரும் எழுதி வைக்காத வேலையும் அது பார்த்துக்கொண்டிருக்கும். இதை எனக்குத் தெரியவைத்தது ஒரு மீன்காரக் குடும்பம். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

தேசிங்கு எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துக்காரன். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். தோளில் அடிபட்ட பிறகு வலை இழுக்க முடியவில்லை. அவன் மனைவி கன்னியம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். வயதில் என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் அவரை ஒருமையில் நினைக்க எனக்கு வராது. கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போனால் நாற்றம் என்று கண்டக்டர் இறக்கிவிடுவாராம். கெஞ்சிக் கெஞ்சி ஏறி, படிக்கட்டோரம் கூடையைக் காலால் அணைத்துக்கொண்டு நின்றே வருஷங்களை ஓட்டியவர். அதற்குப் பிறகுதான் கணவனுக்குத் தவணையில் ஒரு பழைய நூறு சிசி வண்டியை வாங்கிக் கொடுத்தார். மணலி புதுநகர்ப் பக்கம் ஒரு தொழிலாளர் கேண்டீனில் தினம் மீன் கொண்டுவரச் சொல்லி ஆர்டரும் பிடித்துவிட்டார். காலையில் கன்னியம்மா ஏலம் எடுப்பார். தேசிங்கு பின்சீட்டில் பலகை போட்டு, தெர்மோகோல் பெட்டிகளை ஐஸோடு அடுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்புவான். குடும்பமே அந்த வண்டி மேல்தான் உட்கார்ந்திருந்தது.

தேசிங்குக்கு ஒரு குறை. மணலி போகிற வழியில் ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஒரு பாலம் உண்டு. அத்தனை சுமையோடு அதில் ஏறும்போது வண்டி திணறும். யாரோ ஒரு தோஸ்து, கோன் ஃபில்டர் போட்டால் வண்டி பறக்கும் என்று சொல்லிவிட்டான். பொங்கல் சமயத்தில் வேறெங்கோ போய் மாட்டிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான்.

"இன்னா அண்ணாத்தே, எப்டி கீது?" என்றான்.

"பாக்கறதுக்கு நல்லாத்தான் கீது. பழைய பெட்டிய இன்னா பண்ண?"

"வூட்ல பரண் மேல கீது."

"தூக்கிப் போட்டுடாத. சுமைக்கு அதான்டா நல்லது" என்றேன். சுமை ஏற்றிக்கொண்டு மெதுவாக ஏறும் வண்டிக்குக் கீழ் வேகத்தில் இழுவை வேண்டும். கோன் ஃபில்டர் கொடுப்பதெல்லாம் மேல் வேகத்தில்தான். சொன்னேன். அவன் என் பேச்சைக் கேட்காமல் ஆக்சிலேட்டரை முறுக்கி அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டிருந்தான். சரி போ என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. சித்திரை வெயில் ஆரம்பித்ததும் வந்தது வினை. பாலம் ஏறி இறங்கி, கீழே வந்து ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி இருமிவிட்டு நின்றுவிடுகிறது. தினமும் அதே இடம். கிக் அடித்தாலும் எடுக்காது. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி எடுக்கும்.

தேசிங்கு கேண்டீனில் மீனை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவிக்கொண்டு மத்தியானம் என்னிடம் வருவான். நான் கிக் அடித்தால் ஒரே உதையில் எடுத்துக்கொள்ளும். பெட்ரோலில் கலப்படமா என்று டேங்கை இறக்கிக் கழுவினேன். பிளக் மாற்றினேன். பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற இக்னிஷன் காயில் சூடாகி விட்டுப்போகிறதோ என்று அதையும் மாற்றினேன். ஓட்டிப் பார்த்தால் குதிரை மாதிரி ஓடுகிறது. மறுநாள் காலை அதே பாலத்தடியில் நிற்கிறது.

"பெட்டிய மாட்டிப் பாக்கலாம்டா" என்றேன்.

"மூணு மாசம் இந்த ஃபில்டரோடதான ஓடுச்சி அண்ணாத்தே? அது மேல ஏன் பழி போட்ற?" என்று கேட்டான். அவன் சொன்னதும் கணக்குக்குச் சரியாகத்தான் பட்டது. ஒரு நாள் முழுக்க வண்டியை என்னிடம் விட்டுப் போ என்றும் கேட்டுப் பார்த்தேன். "ஒரு நாளு வுட்டா கேண்டீன்காரன் நம்மள வுட்ருவான்" என்றான். அதுவும் நியாயம்தான்.

இதற்குள் குப்பத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பாலம் இறங்குகிற இடத்தில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் மஞ்சள் துணி சுற்றிய ஒரு முனீஸ்வரன் கல். முனி வாசலில் இவன் உறுமிக்கொண்டு போகிறான், கும்பிடுவதும் இல்லை, அதனால் நிறுத்திவிடுகிறது என்றார்கள். தேசிங்கு மறுநாளே கற்பூரம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். வண்டி நின்றது. இறங்கிப் போய்க் கற்பூரம் ஏற்றி, கண்ணை மூடி வேண்டிக்கொண்டு வந்து கிக் அடித்தான். எடுத்துக்கொண்டது.

அவ்வளவுதான். அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அவன் காதில் ஏறவில்லை. தினமும் வண்டி நிற்கும், கற்பூரம் எரியும், வண்டி எடுக்கும். என் ஸ்பேனரால் ஆகாதது ஒரு வில்லைக் கற்பூரத்தால் ஆகிறது என்று பட்டறை வாசலில் நின்று அவன் சொன்னபோது, பக்கத்து டீக்கடைக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன். அவன் பார்த்ததை அவன் சரியாகத்தான் சொன்னான். வாடிக்கையாளர் சொல்வதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட்டால், அதற்குள் இருக்கிற தடயமும் சேர்ந்து போய்விடும். கொஞ்ச நேரம் நின்றால் வண்டி எடுக்கிறது என்பதுதான் அவன் எனக்குக் கொடுத்த தடயம். நான் கற்பூரத்தின் மேல் இருந்த கோபத்தில் அதைக் கவனிக்காமல் விட்டேன்.

ஒரு மத்தியானம் கன்னியம்மாவே பட்டறைக்கு வந்தார். வழக்கமாக வரமாட்டார். ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அண்ணே, தெனம் லேட்டா போவுது மீனு. இன்னொரு தபா லேட்டாச்சின்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு கேண்டீன் மாஸ்டர் சொல்ட்டாரு. டவுன்லேந்து வேன்ல ஒருத்தன் வந்து கேட்டுகினே கீறானாம். இந்த ஆர்டரு பூட்ச்சின்னா வண்டிக்குத் தவணை கட்ட முடியாது. வண்டியத் தூக்கினு பூடுவாங்கோ. நான் திரும்பவும் கூடையத் தூக்கினு பஸ் ஸ்டாண்டுல நிக்கணும்."

அழவில்லை. கோபப்படவும் இல்லை. வரிசையாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது சும்மா இருக்கிற வண்டியை. வேலை செய்கிற வண்டியை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

"நாளைக்குக் காலையில நானே காசிமேட்டுக்கு வர்றேன்மா. மீனோட வண்டிய நான் ஓட்றேன்" என்றேன்.

மறுநாள் ஏலம் முடியும்போதே வெயில் ஏறிவிட்டது. தேசிங்கு பெட்டிகளை அடுக்கிக் கட்டுவதை நின்று பார்த்தேன். பலகையின் மேல் ஈரச் சாக்கு, அதன் மேல் பெட்டிகள். பலகைக்கு அடியில் ஒரு தார்ப்பாய்த் துண்டைத் தொட்டில் மாதிரி இழுத்துக் கட்டினான். ஐஸ் உருகி ரோட்டில் ஒழுகினால் பின்னால் வருகிறவன் வழுக்கி விழுகிறான், திட்டுகிறான், அதனால் தண்ணீரைப் பிடிக்க இந்த ஏற்பாடு என்றான். நல்ல மனசுதான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. மத்தியானம் பட்டறைக்கு வரும்போது அந்தத் தார்ப்பாய் கழுவி மடித்துக் காலி மீன் பெட்டிக்குள் போயிருக்கும், அதை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

நான் சுமை வண்டியில் முன்னால் போனேன். என்னுடைய ஸ்கூட்டரில் தேசிங்கும் கன்னியம்மாவும் பின்னால் வந்தார்கள். திருவொற்றியூர் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. பாலத்தில் ஏறும்போது இரண்டாவது கியருக்கு இறக்க வேண்டியிருந்தது, அது நான் எதிர்பார்த்ததுதான். உச்சியைத் தாண்டி இறங்கினேன். பாதியில் முன்னால் போன நிலக்கரி லாரி வேகத்தைக் குறைத்தது, நானும் பிரேக் பிடித்தேன். அப்போது சீட்டுக்குக் கீழே சளக் என்று ஒரு சத்தம். கீழே வந்து ஆக்சிலேட்டரைத் திருகினேன். வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு வேப்பமரத்துக்கு நேராக நின்றது.

ஸ்கூட்டர் வந்து சேர்ந்தது. "பாத்தியா அண்ணாத்தே? நான் சொன்னேன்ல?" என்றான் தேசிங்கு. அவன் முகத்தில் கவலை பாதி, ஜெயித்த சந்தோஷம் பாதி. பையிலிருந்து கற்பூரத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டான்.

நான் சீட்டுக்குக் கீழே கையை விட்டேன். சில்லென்று இருந்தது. ஃபில்டரின் ஸ்பாஞ்ச் ஊறிப்போய்க் கிடந்தது. கையை எடுத்து முகர்ந்தேன். மீன் கவுச்சி.

உட்கார்ந்து சிரித்துவிட்டேன், தம்பிகளா. கன்னியம்மா இவனுக்குப் பைத்தியமா என்கிற மாதிரி பார்த்தார். சமதளத்தில் போகும்போது உருகின தண்ணீர் தார்ப்பாயின் பின்பக்கமே தேங்கி நிற்கிறது. பாலத்தில் இறங்கும்போது வண்டி முன்பக்கம் சாய்கிறது, பிரேக் பிடித்தால் அத்தனை தண்ணீரும் முன்னால் ஓடிவந்து நேராக ஃபில்டர் தலையில் கொட்டுகிறது. நனைந்த ஸ்பாஞ்ச் வழியாகக் காற்று போகாது, எஞ்சின் மூச்சு முட்டி நிற்கிறது. இவன் கற்பூரம் ஏற்றி வேண்டிக்கொண்டு வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிடும், வண்டியும் எடுத்துக்கொள்ளும். தை மாதத்தில் ஐஸ் இவ்வளவு சீக்கிரம் உருகவில்லை, அதனால் ஃபில்டர் போட்ட புதிதில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு முன்னால் வெயில் காலங்களிலும் தண்ணீர் கொட்டித்தான் இருக்கும். அப்போது அது அந்தக் கறுப்புப் பெட்டியின் முதுகில் விழுந்து வழிந்து போயிருக்கிறது. மீன் தண்ணீருக்குக் குடை பிடிப்பதும் அந்தப் பெட்டியின் வேலையாக இருந்திருக்கிறது, யாருக்குமே தெரியாமல்.

தேசிங்கு வந்ததும் ஸ்பாஞ்சை அவன் கண்ணெதிரே பிழிந்து காட்டினேன். தண்ணீரைப் பார்த்தான், தார்ப்பாயைப் பார்த்தான், மரத்தடியைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப முனி ஒண்ணியும் பண்லியா?" என்றான். குரலே இறங்கிப் போயிருந்தது.

"அது பாட்டுக்குக் குந்திகினு கீது. நீதான்யா தெனம் போயி அத்தப் பேஜாரு பண்ட்ட" என்றார் கன்னியம்மா.

காரணம் தெரிந்துவிட்டது. இனி கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். நம் தொழிலில் காரணம் தெரிந்த பிறகுதான் தப்புச் செய்வதற்கு வழி நிறைய கிடைக்கும். வெயில் சுட்டது, பெட்டிகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது, கேண்டீனுக்குப் போக வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. இன்றைக்கு லேட்டானால் ஆர்டர் போய்விடும்.

தேசிங்குக்குத்தான் முதலில் யோசனை வந்தது. "ஃபில்டர கழட்டிக் கடாசிட்டு சொம்மாவே ஓட்டினு போலாம் அண்ணாத்தே. தண்ணி பிரச்சினையே இல்ல."

ஓடும். இன்றைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும். பக்கத்தில் நின்றிருந்த என் ஸ்கூட்டரின் சீட்டில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். வந்து நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சாம்பலும் கரித்தூளும் படிந்து, கோடு பளிச்சென்று தெரிந்தது. அனல் மின் நிலையம் இருக்கிற எண்ணூர்ப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அது புதிதில்லை. கொடியில் காயும் துணியை உதறித்தான் மடிப்பார்கள். அந்தக் காற்றை வடிகட்டாமல் எஞ்சின் குடித்தால், சாம்பல் உப்புத்தாள் மாதிரி சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

"இன்னைக்கு நேரத்துக்குப் போவ. கொஞ்ச நாள்ல வண்டி புகை கக்கும், அப்பால இழுக்காது. எஞ்சின் வேலைக்கு வண்டி பட்டறையில படுத்துடும்" என்றேன்.

"அப்ப ஐஸக் கொட்டிடலாம். ஐஸ் இல்லன்னா தண்ணி எங்கேந்து வரும்?" என்று பெட்டியின் கயிற்றில் கை வைத்தான். இதுவும் யோசனைதான். எனக்கே ஒரு நிமிஷம் சரியென்று பட்டது, ஏனென்றால் வண்டியை எப்படி ஓடவைப்பது என்பது மட்டும்தான் அப்போது என் மண்டைக்குள் இருந்தது.

கன்னியம்மா அவன் கையைத் தட்டிவிட்டார். "ஐஸக் கொட்னா நேரத்துக்குப் போவும்யா. ஆனா மீனா போவாது."

இந்த இடத்தை நீங்கள் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் நம் கை எப்போதும் எதையாவது கழற்றி எறியத்தான் போகும். காவலுக்கு இருப்பதுதான் அப்போது இடைஞ்சல் மாதிரி தெரியும். எனக்கு என் காற்றைப் பற்றி மட்டும் தெரிந்திருந்தது, அவருக்கு அவர் ஐஸைப் பற்றித் தெரிந்திருந்தது. இரண்டையும் விடக்கூடாது என்று முடிவானதும் வேலை எளிதாகிவிட்டது. எது செய்யக்கூடாது என்று தெரிந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். ஆனாலும் எனக்குப் பயம்தான். அந்த அம்மா சொன்ன பஸ் ஸ்டாண்டு கண்ணுக்குள் நின்றுகொண்டே இருந்தது.

ஃபில்டரைக் கழற்றினேன். கழற்றிய கையோடு, தூசி போகாமல் கார்ப்பரேட்டர் வாயில் என் கர்சீப்பைச் சுருட்டி அடைத்தேன். கன்னியம்மா ஸ்பாஞ்சை உலர்ந்த துண்டில் வைத்துப் பிழிந்து, துண்டு மாற்றி ஒற்றி எடுத்தார். ஈரத்தை ஒற்றி எடுப்பதில் மீன்காரர் கைக்கு நாம் ஈடு கொடுக்க முடியாது. தேசிங்கைப் பக்கத்திலிருந்த பஞ்சர் கடைக்கு விரட்டினேன். காலி ஆயில் கேன் ஒன்றைக் கொண்டுவந்தான். அதை நீளவாக்கில் வெட்டி, கழுவித் துடைத்து, ஃபில்டருக்கு மேலே கூரை மாதிரி நிறுத்திக் கம்பியால் கட்டினோம். தார்ப்பாயின் முன்பக்கத்தை உயர்த்திக் கட்டி, பின்பக்கம் ஒரு ஓட்டை போட்டேன். "ரோட்ல ஒழுவுமே" என்றான் தேசிங்கு. இன்றைக்கு ஒரு நாள் ஓரமாகப் போ, நாளைக்கு டியூப் வைத்துக் கேனில் பிடித்துக்கொள்ளலாம் என்றேன். கர்சீப்பை எடுத்தோமா என்று பார்த்துக்கொண்டு ஃபில்டரை மாட்டினேன். எடுக்க மறந்துவிட்டுக் கிக் அடித்தே களைத்துப்போன மெக்கானிக்கையும் நான் பார்த்திருக்கிறேன், பெயர் வேண்டாம்.

வண்டி எடுத்தது. இந்த முறை தேசிங்கே ஓட்டினான். உறுமவில்லை, பொறுமையாகப் போனான். நாங்கள் பின்னாலேயே போனோம். வழி முழுக்கக் கன்னியம்மா முன்னால் போன வண்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கேண்டீன் வாசலில் ஒரு வேன் நின்றிருந்தது. பின்கதவு திறந்திருந்தது, உள்ளே மீன் பெட்டிகள். கேண்டீன் மாஸ்டர் பெரிய உடம்புக்காரர், இடுப்பில் துண்டோடு வேன் பக்கத்தில் நின்று டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"லேட்டு" என்றார்.

"லேட்டுதான் மாஸ்டர்" என்றார் கன்னியம்மா. முனி, பாலம், தண்ணீர் என்று எதுவும் சொல்லவில்லை. பெட்டியை இறக்கி மூடியைத் திறந்து நகர்ந்து நின்றார். ஐஸ் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. மாஸ்டர் குனிந்து ஒரு சங்கரா மீனை எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்த்தார். வயிற்றை விரலால் அழுத்தினார். பிறகு வேனுக்குப் போய் அங்கேயும் ஒன்றை எடுத்து அழுத்தினார். அழுத்திய இடம் குழிந்தது, எழும்பவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே டிரைவரிடம் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் வேனின் பின்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"உள்ள எடுத்துனு வாம்மா. இனிமே ஞாயித்துக்கெழமைக்கு ஒரு பெட்டி சேத்துக் கொண்டா. ஆனா நேரம் முக்கியம், சொல்ட்டேன்" என்றார் மாஸ்டர்.

தேசிங்கு என் கையைப் பிடித்துக்கொண்டான். இனி தலையை ஆட்டிவிட்டு, கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி என்று நான் நினைத்தேன். கன்னியம்மா நகரவில்லை.

"மாஸ்டர், நாளைக்கு மீனு வராது" என்றார்.

தேசிங்கு என் கையை விட்டுவிட்டான். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா வெளையாட்றியா? இப்பதான சொன்னேன்?"

"வண்டி நாளைக்கு மெக்கானிக் கடையில நிக்கணும். அண்ணன் அதுக்குப் பழைய பெட்டிய மாட்டி, உள்ள போன அழுக்கெல்லாம் எடுத்து, ஒழுங்கு பண்ணித் தருவாரு. இன்னைக்கு ஒப்பேத்தி ஓட்டினு வந்தோம். தெனம் இப்டி ஒப்பேத்த முடியாது. நாளைக்கு ஒரு நாளு லீவு குடுங்கோ. நாளன்னிக்கிலேந்து மீனு நேரத்துக்கு வந்துரும்."

தம்பிகளா, நான் தொழிலில் இருந்த காலம் முழுக்க வாடிக்கையாளர்களிடம் கெஞ்சியது இதற்குத்தான். ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போ, முழுசாகப் பார்த்துத் தருகிறேன் என்பேன். எவனும் விடமாட்டான். இப்போதே வேண்டும், நின்றுகொண்டே வாங்கிப் போக வேண்டும். கைக்கு வந்த ஆர்டர் திரும்பவும் நழுவிப் போகலாம் என்று தெரிந்தே, வண்டிக்காக ஒருவர் லீவு கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அது அவர் பிழைப்பு, அவர் முடிவு.

மாஸ்டர் கன்னியம்மாவைப் பார்த்தார். வண்டியில் கம்பி போட்டுக் கட்டியிருந்த ஆயில் கேனைப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்த மீனை இன்னொரு தடவை பார்த்தார்.

"சரி போ. நாளைக்கு முட்டை போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்க வந்தபோது, எனக்கு முன்னாலேயே பட்டறை வாசலில் வண்டி நின்றிருந்தது. தேசிங்கு மடியில் அந்தக் கறுப்புப் பெட்டி, பரண் தூசியெல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் கன்னியம்மா டீக்கடை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அவசரமே இல்லண்ணே, பொறுமையாப் பண்ணு" என்றார்.